சமையலறைக் குழாயில் பவனா ஆறு

எனக்கு ஒன்பது மணிக்கு முன்னால் எழுந்து பழக்கமில்லை. இதை ஒரு குற்றம் என்று அம்மா மட்டும்தான் சொல்வாள், அதுவும் எழுத்தில் கொடுத்ததில்லை.

என் விளக்கத்தை எனக்கு வசதியான மொழியில் எழுதலாம் என்று கல்லூரி விசாரணைக் குழு சொன்னது. குழுவில் தமிழ் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. ஆகவே தமிழ்தான் வசதி.

நான் சேவியர், எம்.எஸ்ஸி. சுற்றுச்சூழல் அறிவியல், இரண்டாம் ஆண்டு. பவனா ஆற்றில் பூச்சிமருந்து கலந்திருக்கிறதா என்று 2003 முழுக்கக் கண்காணிப்பது என் ஆய்வு. திங்கட்கிழமைதோறும் விடிந்ததும் கிளம்பி, தளேகாவ் பக்கம் தொடங்கி தாபோடி வரை பத்து இடங்களில் ஆற்றில் இறங்கி, பத்து பழுப்புக் கண்ணாடி பாட்டில்களில் தண்ணீர் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். விடிந்ததும் என்பதைக் கவனிக்கவும்.

முதல் திங்கட்கிழமையே பத்தையும் சிஞ்ச்வடில் எங்கள் வீட்டுச் சமையலறைக் குழாயில் பிடித்துவிட்டேன். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. எங்கள் குழாயில் வருவதும் பவனா தண்ணீர்தான். மாநகராட்சி அதைக் கொஞ்சம் சுத்தம் செய்து அனுப்புகிறது, அவ்வளவுதான். ஆறே வீடு தேடி வரும்போது நான் ஆற்றைத் தேடிப் போவது மரியாதையாக இருக்காது.

வேலையில் நான் அசட்டையாகவும் இல்லை. ஒவ்வொரு பாட்டிலிலும் ஒரு சிட்டிகை பூந்தொட்டி மண் போட்டேன். தாபோடிக்கு மட்டும் பாத்திரம் கழுவிய தண்ணீர் இரண்டு சொட்டு. என் வழிகாட்டி பெண்ட்சே மேடம், "தாபோடியில் சோப்பு அதிகம், பார்த்தாயா?" என்று வருத்தப்பட்டார். பார்த்தேன் என்றேன். பூச்சிமருந்து மட்டும் எந்த இடத்திலும் இல்லை. ஐந்து மாதம் ஆறு சுத்தமாக ஓடியது.

எங்கள் சொசைட்டியில், அதாவது அடுக்குமாடிக் குடியிருப்பில், நாற்பத்தெட்டு வீடுகள். ஜூனில் கரையான் வந்ததென்று செயலாளர் வாசுதேவன் அங்கிள் ஆள் வைத்து, கட்டடத்தைச் சுற்றித் துளை போட்டு மருந்து ஊற்றினார். எல்லா வீட்டுக்கும் தண்ணீர் ஏறும் நிலத்தடித் தொட்டியின் சுவரில் ஒரு விரிசல் இருந்தது. அது அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது, அடுத்த வாரம் ஆய்வகக் கருவி சொல்லும் வரை. பத்து இடங்களிலும் குளோர்பைரிபாஸ், அதாவது கரையான் மருந்து; பயிருக்கும் அடிப்பார்கள்.

பெண்ட்சே மேடம் எனக்குக் கை கொடுத்தார். இத்தனை கிலோமீட்டருக்கு ஒரே சீராக மருந்து பரவிய ஆற்றை அவர் கண்டதே இல்லையாம். டிசம்பர் கருத்தரங்கில் கட்டுரை என்று முடிவானது. கரையோரம் கீரை போடுகிறவர்களைக் கூப்பிட்டுக் கண்டித்தார்கள். அந்த மருந்தைத் தொட்டதே இல்லை என்று அவர்கள் சத்தியம் செய்தார்கள். "எல்லாரும் இதைத்தான் சொல்வார்கள்" என்றார் மேடம். எனக்கு அவர்கள் மேல் இரக்கமாக இருந்தது.

கருவி சொன்ன அன்று மாலையே வீட்டுக்குக் கேன் தண்ணீருக்குச் சொன்னேன்.

"ஏல, கொழாய்ல தண்ணி நிக்காம வருது. எதுக்குல கேனு?" என்றாள் அம்மா.

"தொண்டை கட்டுதும்மா."

"தொண்ட ஒனக்குத்தான கட்டுது? எனக்கும் அப்பாவுக்கும் எதுக்குங்கேன்?"

மூன்று பேருக்கும் கட்டும் என்றேன். நான் குடும்பத்தை நேசிப்பவன்.

வாசுதேவன் அங்கிளிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். யோசித்தேன். சொன்னால் தொட்டியைக் கழுவிவிடுவார். தொட்டியைக் கழுவினால் தளேகாவ் முதல் தாபோடி வரை ஆறு ஒரே நாளில் சுத்தமாகிவிடும். அதை எந்த விஞ்ஞானி விளக்குவான்? டிசம்பர் வரை பொறுக்கலாம் என்று தோன்றியது.

ஆகஸ்டில் பலருக்குத் தலைசுற்றல், வாந்தி. எதிர்வீட்டு ரஹ்மத்துன்னிசா அக்காவின் மகள் ஆஃபியாவுக்கு நான்கு வயது. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தாள். அக்காவும் கேன் வாங்க ஆரம்பித்தார். வாசுதேவன் அங்கிள் என்னை லிஃப்ட் பக்கத்தில் நிறுத்தினார்.

"ஏம்பா, ஊர் ஆத்தையெல்லாம் டெஸ்ட் பண்றியாம். நம்ம டேங்க்கையும் கொஞ்சம் பாரேன். வீட்டுக்கு வீடு என்னைத் திட்டறாங்கப்பா."

"பார்த்துட்டாப் போச்சு அங்கிள்."

இங்கேதான் சிக்கல். தொட்டித் தண்ணீரைக் கொடுத்தால் ஆற்றுக்கு வந்த எண்ணே வரும். மேடம் ஒன்றும் ஒன்றும் இரண்டு என்று கூட்டத் தெரிந்தவர். வேறு தண்ணீர் வேண்டும், நல்ல தண்ணீர். அதை நான் கொண்டுவந்தேன். கல்லூரித் தாளில் சான்றிதழ் கிடைத்தது: பூச்சிமருந்து இல்லை, குடிக்க உகந்தது. அங்கிள் அதை லிஃப்ட் பக்கத்தில் ஒட்டினார். மறுநாள் ரஹ்மத்துன்னிசா அக்கா கேனை நிறுத்திவிட்டார்.

"நீ டெஸ்ட் பண்ணினேன்னு சொன்னாங்க தம்பி. அதுக்கப்புறம் என்ன பயம்? காச்சக்கூட இல்ல, அப்படியே கொடுக்கிறேன் புள்ளைக்கு."

அன்று ஒரு பெரிய டப்பாவில் பிரியாணி கொடுத்தனுப்பினார். வாசனை நன்றாக இருந்தது. நான் சாப்பிடவில்லை. அம்மாவையும் சாப்பிட விடவில்லை.

செப்டம்பரில் ஆஃபியா மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனாள், பதினொரு நாள். டாக்டர் யாரையும் நம்பாத ஆள். அக்கா வீட்டுக் குழாயில் தானே பிடித்து வேறு ஊர் ஆய்வகத்துக்கு அனுப்பினார். வந்த எண், பவனாவுக்கு நான் கொடுத்துவந்த எண்ணோடு தசமப் புள்ளி வரை ஒத்துப்போனது. பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். தொட்டியைக் கழுவிவிட்டார்கள். ஆஃபியா இப்போது நடக்கிறாள். கைதான் நடுங்குகிறது, பென்சில் நிற்கவில்லை என்று சொல்கிறார்கள். நான்கு வயதில் என்ன பெரிதாக எழுதப் போகிறாள்.

குற்றச்சாட்டுகள் எல்லாவற்றையும் ஏற்கிறேன், ஏழாவதைத் தவிர. "இம்மாணவர் ஆய்வுக்காலம் முழுவதும் ஆற்றில் ஒரு முறைகூட மாதிரி எடுக்கவில்லை" என்று அதில் இருக்கிறது. இது என் உழைப்பை அவமதிப்பது. சொசைட்டி சான்றிதழுக்கான அந்த ஒரு பாட்டிலுக்காக ஐந்து மணிக்கு எழுந்தேன். லோக்கல் ரயில் பிடித்து, மழையில் நடந்து, முழங்கால் சேற்றில் இறங்கினேன். ஆற்றுத் தண்ணீரிலேயே பாட்டிலை மூன்று முறை அலசி, நீரோட்டத்தை எதிர்த்துப் பிடித்து, காற்றுக் குமிழி இல்லாமல் மூடி, ஐஸில் வைத்துக் கொண்டுவந்தேன். அந்த மாதிரியில் ஒரு குறையும் சொல்ல முடியாது.