சடைச்சி பீரங்கியை அமத்தின கதை

கப்பல்ல பாய் கட்டி ஓட்டுன காலம் அது. தெக்குச் சீமையில, கடலுக்கு நாலு நாழிகை வழியில, ஆத்தோரமா கீழமருதைன்னு ஒரு ஊர் இருந்துச்சாம். ஆத்துக்குத் தென்கரையில ஊர். ஊரை ஒட்டி ஒரு மண்கோட்டை. கோட்டைக்கு ஒரு சின்ன ராசா. ஊருக்கு ஒரு மருத்துவச்சி. அவ பேரு சடைச்சி.

பேறு பாக்குறதுதான் சடைச்சிக்கு வேலை. அந்த ஊர்ல முப்பது வயசுக்குள்ள நடமாடுற அத்தனை பேரும் அவ கையில வந்து விழுந்தவங்கதானாம். எவன் தலை கொடுத்து வந்தான், எவன் கால் நீட்டி வந்தான், எவ கொடி சுத்தி வந்தா, எல்லாம் அவளுக்கு மனப்பாடம். புருசன் போயிட்டான். ஒரே மகன், சொரிமுத்துன்னு பேரு. அவனுக்குச் சவரத்தொழில். தாயும் மகனும் ஒரு குறையில்லாம இருந்தாகளாம்.

இப்படி இருக்கையில சண்டை வந்துச்சு. ஏன் வந்துச்சு? கேளுங்க. வடமேக்கே மேட்டுச்சீமைன்னு ஒரு பெரிய ராச்சியம். மலை இருக்கு, காடு இருக்கு, யானை இருக்கு. கடல் மட்டும் இல்ல. அந்த ராசாவுக்கு, கடலைப் போயித் தொடுற இந்த ஆத்து மேல ஆசை வந்துட்டு. "அது எங்க பூட்டன் ஆண்ட மண்ணு. மூணு மாசத்துல போயி எடுத்துட்டு வந்துருவேன்"னு சொன்னானாம். பூட்டன் ஆண்டானா இல்லையான்னு யாருக்குத் தெரியும்? படை வந்து வடகரையில கூடாரம் அடிச்சுட்டு.

மூணு மாசம்னு வந்தவன் ஏழு வருசம் இருந்தான்.

எப்படி இருந்தான்? கடல்ல ரெண்டு கூட்டத்துக் கப்பல் நின்னுச்சாம். ஒண்ணு நீலக்கொடி, ஒண்ணு மஞ்சக்கொடி. ரெண்டும் ஏழு கடலுக்கு அப்பால உள்ள வேற வேற ராசாவோட கப்பல். நீலக்கொடிக்காரன் மேட்டுச்சீமைக்குப் பீரங்கி கொடுத்தான். "ஜெயிச்சதும் துறைமுகம் எனக்கு"ன்னான். மஞ்சக்கொடிக்காரன் கோட்டைக்குப் பீரங்கி கொடுத்தான். "தோக்காம இருந்தா துறைமுகம் எனக்கு"ன்னான். அங்க அவங்க ரெண்டு ராசாவுக்கும் பகை. அந்தப் பகையைத் தீக்க நம்ம ஆறு வசதியா இருந்துச்சு. இவன் கொஞ்சம் ஜெயிச்சா அவன் கொஞ்சம் வெடிமருந்து கூட்டிக் கொடுப்பான். அவன் கொஞ்சம் ஜெயிச்சா இவன் கூட்டிக் கொடுப்பான்.

பக்கத்துச் சீமை ராசாக்களெல்லாம் என்ன செஞ்சாக? ஒருத்தன் "ரொம்ப வருத்தமா இருக்கு"ன்னு ஓலை அனுப்புனான். ஒருத்தன் நூறு பேரைக் கொடியோட அனுப்பி, ஊர்வலம் விட்டு, திருப்பிக் கூட்டிக்கிட்டான். ஒருத்தன் இந்தப் பக்கம் ஓலையும் அனுப்பிக்கிட்டு, மேட்டுச்சீமைக்காரன்கிட்ட மலிவா தேக்கும் வாங்கிக்கிட்டு இருந்தான்.

ஒரு வருசம் போச்சு. ரெண்டு வருசம் போச்சு. கோட்டை மதிலுக்கு முட்டுக் கொடுக்க ஊர்ப் பனையெல்லாம் வெட்டுனாக. உழவு மாடெல்லாம் பீரங்கி இழுக்கப் போச்சு. நாத்து நட ஆளில்ல. உப்பு ஒரு கை கிடைச்சா அன்னைக்கு விருந்து.

மூணாவது வருசம் மாசி மாசம், கருப்பட்டி வாங்கச் சந்தைக்குப் போனான் சொரிமுத்து. வடகரையிலிருந்து ஒரு குண்டு வந்து சந்தையில விழுந்துச்சு. அவன் சண்டைக்காரன் இல்ல. கையில இருந்தது ஒரு ஓலைப்பெட்டி. சடைச்சி ஓடிப்போய்ப் பாத்தா. பெத்து எடுத்தவ, இப்ப அள்ளி எடுத்தா.

அதுக்கப்புறம் அவ பேச்சைக் குறைச்சுக்கிட்டாளாம். ஆனா வலி எடுத்த வீட்டுக்குப் போறதை மட்டும் நிறுத்தல.

நாலு வருசம் ஆச்சு. அஞ்சு வருசம் ஆச்சு. அஞ்சாவது வருசம் கோடையில ஒரு நாள் காலம்பற, வடகரையிலிருந்து ஒருத்தன் ஆத்துல இறங்கி வாரான். கையில ஆயுதம் இல்ல. ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கிக்கிட்டு, இடுப்பளவு தண்ணியில வாரான். கோட்டை மேல இருந்தவங்க வில்லை நாணேத்திட்டாக. அவன் நடுவாத்துல நின்னு கத்துறான். அஞ்சு வருசம் இங்கேயே கிடந்ததுல அவனுக்கு நம்ம பேச்சு கொஞ்சம் ஒட்டியிருந்துச்சு.

"அம்மா மருத்துவச்சி வேணும்! ரெண்டு நாள் வலி! புள்ளை வரல!"

அவன் பேரு பசவப்பன். வடகரையில பெரிய பீரங்கி போடுறவன். சண்டை நீண்டு போனதால படைக்காரங்க பொண்டாட்டி புள்ளைகளைக் கூட்டியாந்து கூடாரத்துலேயே குடித்தனம் நடத்துனாக. அவன் பொண்டாட்டி நீலவ்வாவுக்குத் தலைப்பேறு.

கோட்டைக் காவலுக்குத் தலைவர் ஆண்டியப்பச் சேர்வை. அவரு சொன்னாரு: "சடைச்சி, நீ போகக்கூடாது. உன் மகனைக் கொன்ன கூட்டம் அது."

"தெரியுது அய்யா."

"போனா உன்னைத் திருப்பி அனுப்ப மாட்டான்."

"அதுவும் தெரியுது."

"பின்ன எதுக்குப் போற?"

சடைச்சி விளக்கெண்ணெய்க் குடுவையை மடியில சொருகிக்கிட்டே சொன்னாளாம்: "ரெண்டு நாள் வலிங்கிறான் அய்யா. மூணாம் நாள் தாங்காது."

அவ்வளவுதான். ஆத்துல இறங்கிட்டா. கோட்டையில யாரும் அம்பு விடல.

கூடாரத்துக்குள்ள போய்ப் பாத்தா, நீலவ்வா பதினெட்டு வயசுப் பொண்ணு. உதடெல்லாம் கடிச்சு ரத்தம். பாசை தெரியாது. "அவ்வா, அவ்வா"ன்னு ஆத்தாளைக் கூப்பிட்டு அழுவுறா. எல்லாப் பாசையிலயும் அந்த அழுகை ஒண்ணுதான். சடைச்சி வயித்தைத் தொட்டுப் பாத்தா. புள்ளை குறுக்கே கிடக்கு. கையில எண்ணெய் தடவி, வயித்து மேல வச்சு, மெல்ல மெல்லத் திருப்புறா. "வா கண்ணு, வா ராசா, இந்தப் பக்கம் வா"ன்னு பேசிக்கிட்டே திருப்புறா. புள்ளை அசையுது. இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம்.

டமார்!

தென்கரையிலிருந்து பீரங்கி. நீலவ்வா உடம்பு கல்லா இறுகிட்டு. திரும்புன புள்ளை பழையபடி குறுக்கே போயிட்டு.

மறுபடியும் திருப்புறா. மறுபடியும் டமார்.

அன்னைக்குன்னு பாத்து ஏன் சுட்டாக? மஞ்சக்கொடிக் கப்பல் துரை கோட்டைக்கு வந்திருந்தான். "நான் கொடுத்த புதுப் பீரங்கியை வச்சு நல்லாச் சுடுறீங்களான்னு பாக்கணும். பாத்துட்டு எங்க ராசாவுக்கு எழுதுறேன். எழுதுனாத்தான் அடுத்த கப்பல்ல மருந்து வரும்"னு மதில் மேல நாற்காலி போட்டு உக்காந்துட்டானாம். சேர்வைக்கும் வேற வழியில்ல.

மூணாவது குண்டும் வந்துச்சு. சடைச்சி எந்திரிச்சா. பசவப்பனைக் கூப்பிட்டு, "நீ இவ தலைமாட்டுல இரு. கையைப் பிடிச்சுக்க"ன்னா. வெளியே வந்தா. முழங்கை வரைக்கும் எண்ணெயும் ரத்தமும். நேரா ஆத்துக்கரைக்குப் போனா. கோடையில ஆறு ஒடுங்கிக் கிடந்ததால கூப்பிட்டா கேக்குற தூரந்தான். ரெண்டு பக்கத்துப் பீரங்கிக்கும் நடுவுல நின்னு, கோட்டையைப் பாத்துக் கத்துனா.

"ஏலே மாடக்கண்ணு! திரி பிடிச்சுக்கிட்டு நிக்கிறது நீதானே? நீ கால் நீட்டி வந்த பயலே! ரெண்டு நாள் உன் ஆத்தாளைப் பாடாப் படுத்துன. அன்னைக்கு உனக்காக இந்த ஊரே மூச்சை அடக்கிக்கிட்டு இருந்துச்சு!

"ஏலே வேலாண்டி! குண்டு தூக்குறியா? நீ பொறந்தப்போ அழவே இல்ல. தலைகீழாப் பிடிச்சு, முதுகுல தட்டி, உன்னை அழவச்சது இந்தக் கைதாம்லே! பாரு, நல்லாப் பாரு!

"இங்க ஒரு உசுரு குறுக்கே கிடக்கு. எனக்கு ஒரு நாழிகை கொடுங்கய்யா. ஒரே ஒரு நாழிகை. அப்புறம் சுடுங்க. என்னையும் சேத்துச் சுடுங்க."

மதில் மேல மாடக்கண்ணு நிக்கிறான். கையில எரியுற திரி. சேர்வை கத்துறாரு: "பத்தவைடா! துரை பாக்குறான்!" மாடக்கண்ணு சேர்வையைப் பாத்தான். ஆத்துக்கரையைப் பாத்தான். பக்கத்துல இருந்த தண்ணித் தொட்டியில திரியை அமுக்குனான். 'சுர்ர்'னு அணைஞ்சு போச்சு. வேலாண்டி தூக்குன குண்டைக் கீழ வச்சுட்டு, அது மேலேயே உக்காந்துட்டான்.

கப்பல் துரை, பேச்சை மாத்திச் சொல்ற துபாசியைப் பாத்து, "ஏன் நிறுத்திட்டான், கேளு"ன்னான். சேர்வை ஆத்துக்கரையைப் பாத்தாரு. அவரு மக்கள் மூணு பேரும் சடைச்சி கையில விழுந்ததுகதான். பெறகு மீசையைத் தடவிக்கிட்டு, "பீரங்கி சூடாயிட்டு, ஆறணும்னு சொல்லு"ன்னாராம்.

வடகரைக்காரனும் பதிலுக்குச் சுடல. அவனுக்கும் காது கேக்குதுல்ல?

அஞ்சு வருசத்துல மொத தடவையா அந்த ஆத்துல சத்தம் இல்ல. நாரை கத்துறது கேட்டுச்சாம். தண்ணி கல்லுல உரசிப் போறது கேட்டுச்சாம். ரெண்டு கரையிலயும் ஆம்பளைக ஆயுதத்தைப் பிடிச்சுக்கிட்டு, ஒரு கூடாரத்தையே பாத்துக்கிட்டு நின்னாக. ஒரு நாழிகை போச்சு. ரெண்டு நாழிகை போச்சு. யாரும் அசையல.

பெறகு, 'குவா'ன்னு ஒரு சத்தம்.

ரெண்டு கரைக்கும் கேட்டுச்சாம். பொண்ணுப் புள்ளை. வேலாண்டி தென்கரையில குண்டு மேல உக்காந்துக்கிட்டே அழுதானாம். ஏன் அழுதான்னு அவனுக்கே தெரியாது.

பசவப்பன் சடைச்சி காலுல விழுந்தான். சடைச்சி கையைக் கழுவிக்கிட்டே கேட்டா: "மூணாம் வருசம் மாசியில, சந்தையில ஒரு குண்டு விழுந்துச்சு. அது நீ போட்டதா?"

அவன் எந்திரிக்கல. மண்ணுல முகத்தை வச்சுக்கிட்டே சொன்னான்: "அப்போ ஒரே பீரங்கி அம்மா. போட்டது நான்தான்."

சடைச்சி கழுவுன கையையே திரும்பத் திரும்பக் கழுவுனா. உள்ளே போயி, புள்ளையைத் துணியில சுத்தி, தூக்கியாந்து அவன் கையில வச்சா.

"தலை நிக்கிற வரைக்கும் கழுத்துக்குக் கீழ கை கொடுத்துப் பிடிக்கணும். இப்படி. ஆங், இப்படித்தான்."

ஆத்துல இறங்கி வீட்டுக்கு வந்துட்டா. வந்து, மகன் சவரப்பெட்டியை மடியில வச்சுக்கிட்டு, பொழுது சாயுற வரைக்கும் அழுதாளாம்.

அதோட சண்டை நின்னுபோச்சான்னு கேட்டா, இல்ல. இன்னும் ரெண்டு வருசம் நடந்துச்சு. ஆனா ஒரு வழக்கம் வந்துட்டு. எந்தக் கரையில யாருக்கு வலி எடுத்தாலும் ஆத்தோரத்துல ஒரு மூங்கில் நட்டு வெள்ளைத் துணி கட்டுவாக. துணி தொங்குனா ரெண்டு பக்கமும் சுடுறதில்ல. சடைச்சி ரெண்டு கரைக்கும் போய் வந்தா.

அப்புறம் சனம் என்ன பண்ணுச்சு தெரியுமா? நாத்து நடணும்னா துணி கட்டுச்சு. கதிர் அறுக்கணும்னா துணி கட்டுச்சு. வடகரைக்காரன் பொணத்தை எடுக்கணும்னாலும் துணி கட்டுனான். ஏழாவது வருசம் அறுப்புக்கு நாலு நாள் தொடர்ந்து துணி தொங்குச்சாம். மேட்டுச்சீமைப் படையை நடத்துன தளவாய்க்குச் சந்தேகம். "எவ அவ, நாலு நாளா பெக்குறவ? எனக்குத் தெரியணும்"னு குதிரையில ஏறி நடுவாறு வரைக்கும் வந்துட்டான். கதிர் பாதிதான் அறுத்திருக்கு. ஊருக்கு உசுரே போச்சு. சடைச்சி ஓடிப்போயி ஆத்தோரக் குடிசையில படுத்து, "அய்யோ, அம்மா"ன்னு முனகுனா. அப்போ அவளுக்கு அறுபதை ஒட்டின வயசு. தளவாய் குனிஞ்சு எட்டிப் பாத்தான். நரைச்ச தலையைப் பாத்தான். பின்னால அறுத்துக்கிட்டு இருந்த வயலைப் பாத்தான். அவன் மகனும் அவ கையில விழுந்து ஆறு மாசம் ஆகியிருந்துச்சு.

"சிக்கலான பேறுதான். இன்னும் ரெண்டு நாள் ஆகும்போல"ன்னு சொல்லிட்டுக் குதிரையைத் திருப்புனானாம்.

கடைசியில சண்டை எப்படி முடிஞ்சது? அது இங்க முடியல. ஏழு கடலுக்கு அப்பால அந்த ரெண்டு ராசாவும் ராசியாயிட்டாக. ஒருத்தன் மகளை இன்னொருத்தன் மகனுக்குக் கட்டிக் கொடுத்தானாம். இனிமே பீரங்கி வராதுன்னு ரெண்டு கப்பலும் பாயை விரிச்சுக் கிளம்பிப் போச்சு. மருந்து இல்லாம எப்படிச் சண்டை போடுறது? மேட்டுச்சீமைக்காரன் கூடாரத்தைப் பிரிச்சான். கோட்டைக்குள்ள பாதி வீடு விளக்கேத்த ஆளில்லாம கிடந்துச்சு. ஆறு எங்க ஓடுச்சோ அங்கேயேதான் ஓடுச்சு.

படை போச்சு, ஆனா பசவப்பன் போகல. அவனை மாதிரி இருபது குடும்பம் வடகரையிலேயே தங்கிட்டாக. அவன் பீரங்கியை விட்டுட்டு ஏர் பிடிச்சான். மகளுக்குச் சடவ்வான்னு பேரு வச்சான்.

பல வருசம் கழிச்சு சடைச்சி கண்ணை மூடினப்போ, கொள்ளி வைக்க மகன் இல்லையேன்னு ஊர் கலங்கி நின்னுச்சாம். மாடக்கண்ணு, "நான் வைக்கிறேன்"னான். வேலாண்டி, "நான்தான்"னான். பசவப்பன் மட்டும் தூரத்துல தண்ணிக்குள்ள நின்னுக்கிட்டு இருந்தான். மாடக்கண்ணு போயி அவன் கையைப் பிடிச்சுக் கரையேத்துனான். மூணு பேரும் ஒண்ணாத்தான் வச்சாகளாம். அன்னைக்கு ரெண்டு கரையிலயும் அவ கையில விழுந்த ஆம்பளை அத்தனை பேரும் மொட்டை போட்டாக.

பீரங்கி ஓஞ்ச இடம்கிறதால அந்தத் துறைக்கு ஓஞ்சதுறைன்னு பேரு வந்துச்சு. இப்ப கீழமருதைன்னு கேட்டா யாருக்கும் தெரியாது. பஸ்ஸுல ஓஞ்சதுறைன்னு சொன்னாத்தான் டிக்கெட் கொடுப்பான்.

அந்த ஊர்ல இன்னைக்கும் ஒரு வீட்டுல வலி எடுத்தா தெரு முக்குல வெள்ளைத் துணி கட்டுவாக. கட்டிட்டா வெடி கிடையாது, மேளம் கிடையாது, குழாய் ரேடியோ கிடையாது. இப்பல்லாம் பேறுக்கு டவுன் ஆஸ்பத்திரிக்குத்தான் போறாக. போகட்டும். ஆனாலும் வண்டி ஏறுன நேரத்துலயிருந்து சேதி வர்ற வரைக்கும் துணி தொங்கும்.

போன பங்குனிக் கொடைத் திருவிழாவுல அம்மன் சப்பரம் நடுத்தெருவுல நின்னுபோச்சாம். நாகசுரக்காரரு வாத்தியத்தை மடியில வச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு. வெளியூர்க்காரர் ஒருத்தர் பதறிப்போயி, "என்னங்க, சாமிக்கு எதுவும் குத்தமா?"ன்னு கேட்டாராம்.

பூசாரி, "ஒண்ணுமில்ல தம்பி. வடகரையில ஒரு பொண்ணு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கு. ஆத்தா இருந்து சேதி கேட்டுட்டுத்தான் நகருவா"ன்னாரு.

ஒரு மணி நேரம் சப்பரம் அப்படியே நின்னுச்சு. பெறகு ஒருத்தர் சட்டைப்பையில போன் அடிச்சுச்சு. எடுத்து, சத்தத்தைக் கூட்டி, எல்லாருக்கும் கேக்குற மாதிரி உசத்திப் பிடிச்சாக. உள்ளேயிருந்து ஒரு புள்ளை வீல்லுன்னு அழுதுச்சு.

அதுக்கு அப்புறந்தான் மேளக்காரர் குச்சியைக் கையில எடுத்தாராம்.