டைகர் ஏன் முனகியது

அய்யா, நாய் முனகினால் அதட்டக்கூடாது. நம் ஊரில் பலருக்கு இது தெரிவதில்லை. பசி என்றால் அது வட்டிலைப் பார்த்து முனகும். வெளியே போக வேண்டுமென்றால் கதவுக்கும் நமக்குமாக நடக்கும். வலி என்றால் தொட்டதும் உடம்பைச் சுருக்கும். கண்டரமாணிக்கத்தில் யார் வீட்டு நாய் முனகினாலும், "தங்கச்சாமியக் கூப்பிடு" என்பார்கள். எனக்கு அதில் கொஞ்சம் கர்வம் உண்டு.

டைகர் முனகியது பிரிவால். நாகம்மை ஆச்சியின் மகன் வளர்த்த நாய் அது. அறுபத்தெட்டாம் வருஷம் அவர் மெட்ராசுக்கு வேலைக்குப் போய்விட்டார். அவ்வளவு பெரிய வீட்டில் ஆச்சியும், வேலைக்காரனான நானும், டைகரும் மிஞ்சினோம். மூன்று மாதம் அது வாசலைப் பார்த்தே முனகியது. இதற்கு மருந்து கிடையாது. கூட உட்கார்ந்திருக்க வேண்டும், வேளை தவறாமல் நடத்திக் கூட்டிப்போக வேண்டும், நாளானால் அடங்கும். ஆச்சியிடம் பொறுமையாக எடுத்துச் சொன்னேன்.

"கேட்டுக் கேட்டு மண்டை வெடிக்குது. நாளைக்கழிச்சு நாய் புடிக்கிற வண்டி வருது. ஏத்தி விட்டுரு" என்றார்.

"இன்னும் பத்து நாள் பொறுத்துக்கங்க ஆச்சி."

"நாயா, நானா? ஒண்ணு சொல்லு."

கேட்டவர் அவர்தான்.

மறுநாள் காலை, மலேயாவில் இருக்கும் பங்காளியின் அறையைப் பெருக்கத் திறந்திருந்தேன். அந்த வீட்டில் ஒரு பங்காளி பூட்டிய அறையை இன்னொருவர் திறக்க மாட்டார். மாதம் ஒருமுறை தூசி தட்டுவதற்காகச் சாவி என்னிடம் இருந்தது. பித்தளைப் பாத்திரங்கள் களிம்பேறிவிட்டனவா என்று பார்க்க ஆச்சி உள்ளே போனார். நான் கதவைச் சாத்திப் பூட்டினேன். கோபத்தில் செய்யவில்லை.

ஜன்னல் இல்லாத அறை, கனத்த தேக்குக் கதவு. முதலில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பிறகு தட்டினார். மறுநாளைக்குள் தொண்டை கட்டி, வெறும் முனகலாகிவிட்டது.

பக்கத்து வீட்டு ராமுத்தாய் மோர் கேட்டு வந்தாள்.

"என்னண்ணே, இன்னுமா முனகுது டைகர்? ஆச்சி எங்கிட்டுப் போனாக?"

"மகனப் பாக்க மெட்ராசுக்குப் போயிருக்காக. நாய் ஏங்குது."

மூன்று மாதம் கேட்டுப் பழகிய தெருவுக்கு இரண்டு முனகலுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது, அதை மறைக்க மாட்டேன். அது தண்ணீர் கேட்கும் முனகல்.

டைகர் அந்தக் கதவை விட்டு நகரவில்லை. வண்டிக்காரன் வந்தபோது, நாய் இல்லை என்று திருப்பி அனுப்பினேன். சோறு வைத்தேன், தொடவில்லை. நகம் தேயக் கதவைப் பிறாண்டியது. பக்கத்தில் உட்கார்ந்து தடவிக்கொடுத்தேன். என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நான்காம் நாள் உள்ளே சத்தம் நின்றது. டைகர் மட்டும் நிறுத்தவில்லை. ராமுத்தாய் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

ஆச்சி விஷயத்தில் எனக்கு வருத்தமில்லை. வாயில்லாத ஒரு ஜீவனைக் காப்பாற்றத்தான் செய்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

நாய் எங்கே என்று கேட்கிறீர்கள். கொல்லையில் முருங்கை மரத்தடியில் தோண்டிப் பாருங்கள். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை அய்யா. அந்த முனகலை என்னால் தாங்க முடியவில்லை.