கதவோரக் கொக்கி

எக்ஸ்ரே பிரிவின் மூத்த பணியாளர், எங்கள் எல்லோருக்கும் பெரியக்கா, பணி நிறைவு பெறும் இந்நாளில், உடன் உழைத்தோர் உள்ளம் கனத்து வாசித்தளிக்கும் மடல்

இருளறையிலும் இன்முகம் இழக்காத எங்கள் அக்காவே! ஈயக் கவசத்தின் பாரத்தோடு, மேசையில் படுத்திருப்பவரின் பயத்தையும் சேர்த்துச் சுமந்தவரே! வணக்கம்.

இதயக் குழாயில் அடைப்பென்று வருவோருக்கு நம் மருத்துவமனையில் இருப்பது ஒரே ஓர் அறை. கதிர் பாய்ந்துகொண்டிருக்க, திரையில் தெரியும் நிழலைப் பார்த்து மருத்துவர் குழாய்க்குள் கம்பியை நகர்த்த, மேசையருகே நின்று படத்தைத் தெளிவாக்கித் தந்தவர் நீங்கள். மற்றவர்கள் தடுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் ஒதுங்கும்போதும் நீங்கள் நகர்ந்ததில்லை. "படுத்திருக்கறவரு கையப் பிடிச்சுக்கிட்டு இருக்காரு, எப்படி உருவிட்டு வர்றது?" என்பீர்கள்.

அந்தக் கையை விடாதிருக்கத்தான் அக்கா, உங்கள் பேட்ஜைக் கழற்றிக் கதவோரக் கொக்கியில் மாட்டினீர்கள். உடலில் விழும் கதிரை அளப்பதற்காக நெஞ்சில் அணிய வேண்டியது அது. அளவு ஏறினால் வேறு வேலைக்கு மாற்றிவிடுவார்கள். "இந்தக் கோள்மூட்டி இங்கயே தொங்கட்டும். நம்மள வெளிய அனுப்பிட்டா உள்ள யாரு நிப்பா?" என்று சிரித்தீர்கள். நாங்களும் சிரித்தோம். எங்கள் பேட்ஜுகளும் பக்கத்திலேயே தொங்கின.

தொழிலால் வந்த நோய் எது, வயதால் வந்தது எது என்று பிரித்துச் சொல்ல ஒரு நெறிமுறை உண்டு. அதை நம்மில் எவரும் படித்ததில்லை. விழியின் உள்ளே புரை படர்ந்து, இழப்பீடு கேட்டு நீங்கள் தொழில்நோய்க் குழுவின் முன் போய் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்துகொண்டோம். கதிரால் வரும் புரைக்கு, அது படர்ந்த இடம் பொருந்தியது, பார்த்த வேலையும் பொருந்தியது. பேட்ஜின் அளவு மட்டும் பொருந்தவில்லை. கதிரே படாதவர் என்றது அது. மேசையருகே நீங்கள் நின்றதைக் கண்ணால் கண்டோம் என்று நாங்கள் போய்ச் சொன்னதும் எடுபடவில்லை.

திரும்பி வந்து வாசலிலேயே நின்றீர்கள். "பேட்ஜு நல்லா சுகமா இருக்காம். எனக்குத்தான் வயசாயிடுச்சாம்" என்றீர்கள். நீங்கள் சொன்ன வேடிக்கைகளில் அது ஒன்றுக்கு மட்டும் நாங்கள் சிரிக்கவில்லை.

தன்னலம் கருதாத் தகைமையாளரே என்று உங்களை அழைக்க ஆசைதான். அந்தத் தகைமைக்கு விலை ஒரு கண் என்று அறிந்தபின், அந்தச் சொல்லை எழுதி எழுதி அடித்துவிட்டோம், அக்கா. அறுவை முடிந்தும் தெளியாத அந்தக் கண்ணுக்கு நாங்கள் எந்தப் புகழ்மாலையைச் சூட்டுவது!

"எனக்கு எதுக்கு இதெல்லாம் ஃபிரேம் போட்டுக்கிட்டு? நானா படிக்கப் போறேன்?" என்று நேற்றுக் கேட்டீர்கள். ஆகவே மடலின் குரல் உங்களுக்கு, சட்டமிட்ட தாள் எங்களுக்கு. அதைக் கதவோரக் கொக்கியில் மாட்டப் போகிறோம். இனி அங்கே வேறெதையும் மாட்ட இடமிருக்காது.

காத்திருக்கும் மறு கண்ணின் சிகிச்சை கைகூடி, காலை வெளிச்சம் கூசாமல், பிள்ளைகளின் முகம் மங்காமல், நெடுங்காலம் நோயின்றி வாழ்க!

விழா முடிந்ததும் ஒவ்வொருவராக வந்து உங்களைக் கட்டிக்கொள்வோம். நெஞ்சருகே ஏதேனும் உறுத்தினால் பொறுத்துக்கொள்ளுங்கள், அக்கா. அது எங்கள் பேட்ஜ்.

பிரிய மனமின்றி,
எக்ஸ்ரே பிரிவில் உங்களோடு நின்றவர்கள்