தினுஷனின் வியாழக்கிழமை

துஷாந்தி: ...ஐயோ, இந்தக் கதிரையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸிலயா வந்தனீங்கள்?

நிரஞ்சனி: பின்ன, நாவலப்பிட்டியிலருந்து ஆட்டோ புடிக்கவா, மிஸ்? கண்டக்டர் கதிரைக்கும் டிக்கட் கேட்டான்.

துஷாந்தி: குடுத்தனீங்களோ?

நிரஞ்சனி: செத்துப்போன எம்புள்ள உக்காந்த கதிரைன்னேன்... அப்புறம் கேக்கல.

துஷாந்தி: குடுங்கோ, நான் பிடிக்கிறன்.

நிரஞ்சனி: அவன் சாயாம இருக்கக் கட்டுற பெல்ட்டெல்லாம் கழுவிட்டேன். வேற புள்ளைக்கு ஆகும்.

துஷாந்தி: வையுங்கோ, தினுஷன் அம்மா... ஐயோ, நிரஞ்சனி.

நிரஞ்சனி: அப்படியே கூப்பிடுங்க. இனி வேற யாரு கூப்பிடப் போறா?

துஷாந்தி: ...சாப்பிடுறீங்களோ ஒழுங்கா?

நிரஞ்சனி: நல்லாத்தான் இருக்கேன். அவன் போனப்புறம் ஆஸ்பத்திரிப் பக்கம் இன்னைக்குத்தான் வர்றேன். நீங்க?

துஷாந்தி: எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கிறன்.

நிரஞ்சனி: வெளிய ஒரு பொண்ணு புள்ளையோட நிக்குது. அந்தப் புள்ளைக்குக் கழுத்தே நிக்கல. உங்ககிட்ட வியாழக்கிழமை கை கால் பயிற்சிக்கு இடமில்லைன்னுட்டாங்களாம்.

துஷாந்தி: ஓம்... நிறைஞ்சு போச்சு.

நிரஞ்சனி: தினுஷன் வர்ற நேரம்?

துஷாந்தி: அது வேற ஆளுக்கு—

நிரஞ்சனி: யாருக்கு, மிஸ்?

துஷாந்தி: ...ஒருத்தருக்கும் இல்லை. குடுக்க மனம் வரேல்லை. அவன்ர காலை நீட்டி மடக்கேக்க நான் பாட்டெண்டு எதையாவது கத்துவன்...

நிரஞ்சனி: அதுக்குத்தானே சிரிப்பான்! நான் பாடினா தூங்கிருவான்.

துஷாந்தி: அவன் நடக்க மாட்டானெண்டு முதல் நாளே எனக்குத் தெரியும். ஆனா அந்தச் சிரிப்பு... தாங்க ஏலாமல் கிடக்கு, நிரஞ்சனி. இன்னொரு பிள்ளை காத்திருக்கேக்க நான் இப்பிடிச் செய்யிறது பிழைதான்.

நிரஞ்சனி: அப்ப வெளிய நிக்கிற பொண்ண உள்ள கூப்பிடுங்க. அவன் நேரத்த அந்தப் புள்ளைக்குக் குடுங்க.

துஷாந்தி: அந்தத் தாய்க்கு முன்னால அழுதிட்டனெண்டால்?

நிரஞ்சனி: அழுங்க. கதவப் பூட்டிக்கிட்டு ஒத்தையில அழுவுறதுக்கு அது எவ்வளவோ மேல்.

துஷாந்தி: ...கதவைப் பூட்டினது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?

நிரஞ்சனி: இன்னைக்குத்தான் வர்றேன்னது பொய், மிஸ். வியாழக்கிழமை வந்தா எனக்கும் வீட்டுல இருக்க முடியல. அவன் நேரத்துக்குப் பஸ் ஏறி வந்து, இந்தக் கதவுக்கு வெளிய பெஞ்சுல உக்காந்திருப்பேன். உள்ள நீங்க அழுவுறது கேக்கும்... நானும் கூட அழுதுட்டு, சத்தமில்லாம வீட்டுக்குப் போயிருவேன்.