காலியாக விடப்பட்ட பதினைந்து எண்கள்

பெயர் தனித்தாளில் உள்ளது. வயது 66. ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை. தண்ணீர்த் தொட்டித் தெரு, மாடி வீடு.

நான் மேற்கண்ட முகவரியில் என் தங்கையுடன் வசித்து வருகிறேன். அவள் பல்கலைக்கழகத்தில் பாறைகளின் வேதியியலை ஆராய்பவள். அறுபத்தொரு கட்டுரைகள் வெளியிட்டிருக்கிறாள். நாற்பத்து நான்கு பாறையும் நிலத்தடி நீரும் பற்றியவை, பதினேழு புற்றுநோய் பற்றியவை. கடைசிக் கட்டுரையில் அவள் மோசடி செய்ததாகப் புற்றுநோய்த் துறைத் தலைவர் கொடுத்த புகாரின் பேரில் இன்று காலை பத்து மணிக்கு விசாரணை அதிகாரி என்னிடம் வாக்குமூலம் வாங்கினார்.

முதலில், "பாறை படிச்சவங்களுக்குப் புற்றுநோயில என்ன வேலை, டீச்சர்?" என்று கேட்டார். மேசையிலிருந்த தண்ணீர்க் குவளையைக் காட்டி, "இது கிணத்துத் தண்ணி. கிணத்துக்குப் பாறை வழியா வருது. பாறையில ஆர்சனிக் விஷம் இருந்தா உங்க வயித்துக்குள்ளயும் வரும். அது துறை பாத்து வராது சார்" என்றேன். உதாரணம் வேண்டாம் என்றார். அதையும் பதியச் சொன்னேன்.

அதன் பின் மேற்கோள் கணக்கை, அதாவது ஒரு கட்டுரையைப் பிற கட்டுரைகள் எத்தனை தடவை காட்டியிருக்கின்றன என்ற கணக்கை, காட்டினார். பாறைக் கட்டுரைகளுக்கு இரண்டாயிரத்து முந்நூறு மேற்கோள்கள், புற்றுநோய்க் கட்டுரைகளுக்கு நாற்பது, அதில் இருபத்தாறு அவளே தன் அடுத்தடுத்த கட்டுரைகளில் காட்டியவை என்பது உண்மை. இது தற்பெருமையாம். மூன்றாம் பாடம் நடத்தும்போது "இரண்டாம் பாடத்தில் பார்த்தோமே" என்று சொல்லாத ஆசிரியர் உண்டா? அவள் ஆராய்ந்த ஆர்சனிக் கிணறுகளுக்கு வேறு யாருமே போகவில்லை. வேறு யாரைக் காட்டுவாள்?

அதன் பின் உறைகளைப் பற்றிக் கேட்டார். ஆர்சனிக் நகத்தில் தங்கும். அந்தத் தண்ணீரைக் குடித்த புற்றுநோயாளிகளின் கால் நகங்களைச் சேகரித்தது நான். ஒப்புதல் கையெழுத்து வாங்கி, வரிசை எண் கொடுத்து, ஆறு வாரம் வளரவிட்டு, அதன் பின் வெட்டி உறையில் போடுவேன். எண்கள் 212 வரை போகின்றன, உறைகள் 197. முடிவுக்கு ஒத்துவராத பதினைந்தை என் தங்கை அழித்துவிட்டாள் என்பதே குற்றச்சாட்டு. அப்படி முடிவானால் அவள் வேலை போகும், கட்டுரையும் போகும், கிணறுகளை மூடச் சொல்ல வேறு ஆதாரம் இல்லை.

தவறு என்னுடையது. முப்பத்து நான்கு வருடம் வருகைப் பதிவேடு எழுதிய கை இது. பள்ளியை விட்டுப் போன பிள்ளையின் எண்ணை இன்னொரு பிள்ளைக்குக் கொடுக்க மாட்டோம். "எண்ணை வரிசையா மாத்திடுக்கா, பின்னாடி யாராவது கேப்பாங்க" என்று தங்கை இரண்டு தடவை சொன்னாள். "உன் வேலையைப் பாருடி" என்றேன். அந்தப் பதினைந்து பேரும் ஆறு வாரம் முடியுமுன் இறந்தவர்கள்.

அதிகாரி நோயாளிகளின் பெயர்ப் பதிவேட்டைக் கேட்டார். பெயரை வெளியே விட மாட்டேன் என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்கினேன், தர மாட்டேன். என்மேல் வழக்குப் போடுவதானால் போடட்டும். பதினான்கு வீட்டுக் கதவையும் நானே தட்டுகிறேன், வீட்டார் சம்மதித்தால் அவர்களே வந்து சொல்வார்கள். முதல் வரியை மட்டும் காட்டினேன். எண் ஒன்று, என் கணவர். நகம் வெட்ட இன்னும் எட்டு நாள் இருக்கையில் இறந்தார். போலி செய்பவர்களாக இருந்தால் அன்றைக்கே வெட்டியிருக்கலாம். நகவெட்டி என் கைப்பையில்தான் இருந்தது.

எழுதியதைப் படித்துக் காட்டியபோது "காணாமல் போன பதினைந்து" என்றிருந்தது. "இறந்த பதினைந்து பேர்" என்று திருத்தவைத்த பிறகே கையெழுத்திடுகிறேன். சொன்னதெல்லாம் நான் பார்த்து, நானே செய்தவை. யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அது என் தொழில்.

(ஒப்பம்)