கட் சொல்லாத காட்சி

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். யாரும் இருமக்கூட வேண்டாம். இது காதால் கேட்ட சங்கதி. கேட்டவர் என் சிநேகிதனின் சகலை.

மாலை ஆறு பத்து. ஈ காக்கை இல்லாத மலைச்சாலை. முன்னால் ஒரு பழைய கார், நூறடி பின்னால் ஒரு வேன். சகலை வேனில் இருந்தார். காதில் ஹெட்போன், மடியில் ஒலிப்பதிவுப் பெட்டி. நாலு பேர் கைக்காசைப் போட்டு எடுத்த சின்னப் படம் அது. காணாமல் போன அண்ணனைத் தேடிக் காரில் தன்னந்தனியாகப் போகிறவன் கதை. ஓட்டி நடித்தவன் சகலையின் சொந்தத் தம்பி. அவனுக்கு முதல் படம்.

அந்தக் காருக்கு ஒரு குணம். சாவியைத் திருப்பினால் இரண்டு தடவை கர்ர்... கர்ர்... என்று வெறுமனே இருமும். மூன்றாவதில்தான் உயிர் வரும்.

அவர்கள் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. இயக்குநர் "கட்" சொல்லும்வரை நடிக்கிறவன் நிறுத்தக் கூடாது. ஒலிப்பதிவாளர் வாயே திறக்கக் கூடாது.

இறக்கம் ஆரம்பித்தது. தம்பியின் சட்டைக்குள் இருந்த மைக்கில் குரல் வந்தது.

"அண்ணே... பிரேக் புடிக்கலண்ணே."

வசனத்தில் அப்படி ஒரு வரி இல்லை. அண்ணன்காரரான சகலை, நிறுத்தச் சொல்லிச் சட்டென்று கையைத் தூக்கினார். பக்கத்தில் இன்னொரு ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்த இயக்குநருக்குக் கண் கலங்கிவிட்டது.

"சொந்தமா சேத்துப் பேசறான் பாருங்க. பிச்சு உதறுறான். விடுங்க, ஓடட்டும்."

தூக்கிய கையை... இறக்கிவிட்டார். பாவி மனுஷன், இறக்கிவிட்டார்.

"நடிக்கலண்ணே..."

வளைவில் கார் மறைந்தது. ரப்பர் கருகும் நாற்றம். அப்புறம் ஒரு சத்தம். அதை நான் சொல்ல மாட்டேன்.

தம்பியை அடக்கம் செய்தார்கள். காரை நசுக்கிப் பழைய இரும்புக்குப் போட்டார்கள்.

மூன்று வாரம் போனது. ஒருநாள் அண்ணன்காரர் அந்த ஹெட்போனைச் சும்மா எடுத்துக் காதில் வைத்தார். ஒயரின் மறுமுனை தரையில் கிடந்தது. எதிலும் செருகவில்லை. ஆனால் உள்ளே மூச்சுச் சத்தம்... கூடப் பிறந்தவன் மூச்சு தெரியாதா?

"இன்னும் ஓட்டிக்கிட்டே இருக்கேண்ணே. கையெல்லாம் மரத்துப்போச்சு. கட் சொல்லச் சொல்லு."

"கட்! கட், தம்பி! முடிஞ்சுதுடா. இறங்கி வந்துடு."

"நீ சொன்னா செல்லாதுண்ணே. அவர் சொல்லணும்."

தினமும் இதே பேச்சு. சோறு இறங்கவில்லை, கண் மூட முடியவில்லை. கடைசியில் இயக்குநர் வீட்டுக்கே போய்க் காலில் விழுந்தார்.

"நம்ம ரெண்டு பேரும் சேந்துதான் அவனைக் கொன்னோம். ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க சார். என் தம்பி நிக்கட்டும்."

இயக்குநர் நம்பவில்லை. ஆனாலும் மறுக்க மனசு வரவில்லை. அண்ணன்காரர் நீட்டிய ஹெட்போனைக் காதில் வைத்தார். முகம் வெளுத்துப்போனது. உதடு கோண, குரல் பிசிற, "கட்" என்றார்.

மூச்சுச் சத்தம் நின்றது. அறையெல்லாம் பெட்ரோல் வாடை. அப்பாடா என்று அண்ணன்காரர் சுவரில் சாய்ந்தார்.

அப்போது ஹெட்போனுக்குள்ளிருந்து இரண்டு பேருக்கும் கேட்கிற மாதிரி, சந்தோஷமான குரல்...

"சரி சார். இன்னொரு டேக் போலாம். இந்தத் தடவை அண்ணனும் பக்கத்துல உக்காரட்டும்."

வாசலில் கர்ர்... என்றது.

கர்ர்...

இயக்குநர் தாழ்ப்பாளைப் போட ஓடினார். அண்ணன்காரரோ, குனிந்து தன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாராம்.