அக்காவுக்குக் கொடுத்த தீர்த்தம்

கை கழுவுவதில் அந்த வார்டிலேயே நான்தான் முதல் என்று ஷைனி சிஸ்டர் சொல்வாள். நகக்கண், விரலிடுக்கு, மணிக்கட்டு, எதையும் விடமாட்டேன். எலும்பு மஜ்ஜை மாற்றும் பிரிவு அது. உள்ளே பூ போகக்கூடாது, காய்ச்சாத தண்ணீர் ஒரு சொட்டுக்கூடப் போகக்கூடாது. நோயாளியின் பழைய ரத்தத்தை மருந்தால் அழித்துவிட்டு, இன்னொருவரின் அணுக்களை ஏற்றுவார்கள். அவை வேர் பிடித்து வலுவாகும்வரை அற்பக் கிருமிகூட ஆளை முடித்துவிடும். இதையெல்லாம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தவள் ஷைனிதான். அவள்மேல் தவறில்லை, ஐயா. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

நோயாளி என் அக்கா வத்சலா. எங்களுக்குச் சொந்த ஊர் தார்வாட். மடி ஆசாரம் பார்க்கிற குடும்பம். நான் கட்டிக்கொண்ட பசவராஜ் வேறு சாதி, பஸ் ஓட்டுகிறவர். அதன்பின் நான் நடந்த இடத்தில் அக்கா சாணி தெளிப்பாள். அம்மா இறந்த செய்தி கேட்டு ஓடினேன். அக்கா வாசலை மறித்து நின்றாள்.

"அங்கயே நில்லு மாலதி. ஜன்னல் வழியாத் தெரியும். பாத்துட்டுப் போ."

அம்மாவின் பாதங்கள் மட்டும் தெரிந்தன. பார்த்துவிட்டு வந்தேன்.

பல வருஷம் கழித்து அத்தான் அனந்தராவ் போன் செய்து அழுதார். அக்காவுக்கு ரத்தப் புற்றுநோய். சொந்தத்தில் வேறு யாருடைய மஜ்ஜையும் பொருந்தவில்லை. என்னைப் பரிசோதித்தார்கள், பொருந்தியது. உடனே சரி என்று பெங்களூருக்கு வந்தேன். அத்தானுக்கு ஓயாத இருமல், அதனால் உள்ளே துணைக்கும் என்னைத்தான் விட்டார்கள்.

என் அணுக்கள் ஏறும்போது அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"வீட்டுக்குப் போனதும் பிராயச்சித்தம் பண்ணிக்கணும். ஒடம்புல என்னென்னவோ ஓடுது."

"பண்ணிக்கோக்கா."

"அந்த டிரைவர் வீட்டுல கறி, மீனு எல்லாம் உண்டுதானே?"

"உண்டு. நல்லாவே சமைப்பேன்."

அவளுக்குக் குமட்டியது. நான் வாந்திக் கிண்ணத்தைப் பிடித்தேன், வாயைத் துடைத்தேன். கையுறை போட்டுக்கொண்டுதான்.

ஒருநாள் காலையில் டாக்டர் சிரித்துக்கொண்டே வந்தார். "நீங்க குடுத்த அணு நல்லா வேர் பிடிச்சிருச்சு, மேடம். இன்னும் கொஞ்ச நாள் ஜாக்கிரதையா காவல் காத்துட்டா வீட்டுக்கு அனுப்பிடலாம்." இனி அக்காவின் ரத்த வகையே என்னுடையதாக மாறிவிடும் என்றும் சொன்னார். அதை அக்காவிடம் நானே விளக்கினேன். அவள் அழுதாள். எனக்கு மனம் நிறைந்தது.

அன்றிலிருந்து ஒரே புலம்பல். "மடத்துத் தீர்த்தம் ஒரு வாய் குடுடி. சுத்தமாயிடுவேன்."

ஷைனி காதில் விழுந்தது. "அதெல்லாம் இப்ப வேண்டாம்மா. வீட்டுக்குப் போய் எத்தனை வேணாலும் குடிங்க" என்றாள்.

அவள் போனதும் அக்காவின் காதருகே குனிந்தேன். "நான் கொண்டாரேன்."

மடம் பக்கத்துத் தெருவில்தான். நான் அங்கே போகவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் எருமைகள் புரளும் ஒரு குட்டை இருக்கிறது. அந்தத் தண்ணீரைத் தெளியவைத்து, துணியில் வடிகட்டி, துளசியும் பச்சைக் கற்பூரமும் போட்டேன். நல்ல வாசனை. அக்கா உள்ளங்கையைக் குழித்து வாங்கிக் குடித்தாள், ஈரக்கையைத் தலையில் தடவிக்கொண்டாள்.

"இப்பத்தான் உயிர் வந்துச்சு. நீ நல்லாருப்படி" என்றாள்.

மறுநாளே காய்ச்சல். எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. நெஞ்செல்லாம் கிருமி பரவி, அந்த வாரத்திலேயே போய்விட்டாள். தன் கையிலிருந்து தொற்றியதோ என்று ஷைனி அழுதுகொண்டே இருந்தாள். கேட்பாரில்லாத பெண், அவளை வேலையைவிட்டு நீக்கப்போகிறார்கள் என்றார்கள். அது அநியாயம். அதனால்தான் நானே ஸ்டேஷனுக்கு வந்தேன்.

கொல்ல நினைத்தாயா என்று கேட்கிறீர்கள். கொல்வதென்றால் என் அணுக்களைத் தராமல் இருந்திருந்தாலே போதும். ஆனால் அப்படி விட்டிருந்தால் தன் ரத்தத்தோடு, தன் மடியோடு செத்திருப்பாள். வேர் பிடிக்கும்வரை காத்திருந்தேன். அன்று அந்தக் கட்டிலில் கிடந்த உடம்பில் ஓடிக்கொண்டிருந்தது முழுக்க என்னுடைய ரத்தம். கொடுத்ததை நான் திருப்பி எடுத்துக்கொண்டேன். இதில் அக்காவுக்கு என்ன நஷ்டம், ஐயா?